ஜீவனாம்சமா? பங்கா?

கல்யாண விடுதலை கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் மலையேறிவிட்டது. 1929-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் செங்கற்பட்டில் கூடிய முதலாவது மாகாண சுயமரியாதை மகாநாடு, ஒத்துவாழ முடியாத புருஷனும் பெண்ஜாதியும் பிரிந்துகொள்ள உரிமை வேண்டுமென்றும், பெண்களுக்கு ஆண்களைப் போலவே சொத்துரிமை வேண்டுமென்றும் தீர்மானித்தபோது, குடும்பம் கெட்டது, குடி முழுகிற்று என்று கூச்சல் போட்டவர்கள் பலர். அவர்களுடைய பேரன்மாரும் பேத்திமாரும் இன்று கோர்ட்டில் மனுப்போட்டுப் பிரிந்துகொள்ளுகிறார்கள். குடி ஒன்றும் முழுகிவிடவில்லை. ஆதலால் பிரியலாமா கூடாதா என்பது இன்று கேள்வியல்ல. பிரிகின்ற காலத்தில் வீடு யாருக்கு, அடுப்புச் செலவு யார் பொறுப்பு என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்விக்கு நமது நாட்டுச் சட்டம் இன்னும் நேரான பதில் சொல்லவில்லை என்பதே நமது குற்றச்சாட்டு. தமிழ்நாட்டில் 1989-ம் வருஷத் திருத்தத்தாலும், இந்தியா முழுமைக்கும் 2005-ம் வருஷத் திருத்தத்தாலும், பிதிரார்ஜித சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பங்கு வந்துவிட்டது. 1956-ம் வருஷத்து வார்சுச் சட்டப்படி, புருஷன் உயில் எழுதாமல் இறந்துபோனால் அவன் சொத்தில் மனைவிக்கு, பிள்ளைகளோடு சேர்ந்து பங்கு உண்டு. அதாவது மகளாக இருந்தால் பங்கு உண்டு. விதவையானால் பங்கு உண்டு. ஆனால் உயிரோடிருக்கும் புருஷனை விட்டுப் பிரிந்தால் மட்டும் பங்கு இல்லை, ஜீவனாம்சம்தான் உண்டு. புருஷன் செத்தால்தான் அவள் உழைப்புக்கு விலை என்றால், இது என்ன நியாயம் என்று கேட்கின்றோம்.

நடப்பு என்ன?

கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள நமது திருமானூர் ஒன்றியத்து நடப்பையே எடுத்துக்கொள்ளுவோம். ஒரு தம்பதி என்று வைத்துக்கொள்ளுங்கள். புருஷன் கீழப்பழுவூர்ப் பக்கத்து சிமெண்டு ஆலையில் காண்டிராக்டு வேலை பார்க்கிறான். மனைவி நடவுக்கும் களைக்கும் போகிறாள். இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறாள். சமையல், தண்ணீர், துணி, பிள்ளைகள், படுத்த படுக்கையான மாமியார் எல்லாம் அவள் பாடு. வீட்டு மனைப் பட்டா மாமனார் பேரில் இருக்கிறது. கூரையை எடுத்துவிட்டுத் தளம் போட்டது மகளிர் குழுவில் அவள் பேரில் வாங்கிய கடனில். பன்னிரண்டு வருஷம் கழித்து இருவருக்கும் ஒத்துவரவில்லை. அப்பொழுது என்ன நடக்கிறது?

பெண்ணின் அண்ணன் ஒரு வண்டியைக் கொண்டுவருகிறான். சீர்வரிசைப் பாத்திரமும், துணி மூட்டையும், பிள்ளைகளும் அதில் ஏறுகிறார்கள். புருஷன் தளம் போட்ட வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு பார்க்கிறான். பெண் தாய்வீட்டுக்குப் போனபிறகும் குழுக் கடன் தவணை அவள் பேரிலேயே வந்துகொண்டிருக்கிறது. பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவும் அவளோடு போய்விடுகிறது. ஊர்ப் பெரிய மனிதர்கள் கூடினால், "பாத்திரம் பண்டத்தைக் கொடுத்துத் தீர்த்துவிடு" என்கிறார்கள். கோர்ட்டுக்குப் போனாலோ அரியலூருக்கு நடையாய் நடக்க வேண்டும். வாய்தாவுக்கு மேல் வாய்தா. அதற்குள் வீட்டுச் செலவு நிற்குமா? பசி வாய்தா கேட்குமா?

இதில் ஒரு சங்கதியை யாரும் கேட்பதேயில்லை. இருவருக்கும் ஒத்துவரவில்லை என்றால் வீட்டை விட்டுப் போகவேண்டியவள் எப்பொழுதும் பெண்ணாகவே இருப்பானேன்? ஆண் ஏன் ஒரு நாளாவது மூட்டை கட்டவில்லை? பன்னிரண்டு வருஷம் கூட்டிப் பெருக்கி மெழுகிய வீடு ஒரே மத்தியானத்தில் அவளுக்கு அந்நியமாய்ப் போவானேன்?

கன்னிகாதானத்தின் பலன்

காரணம் கல்யாணத்திலேயே இருக்கிறது. கன்னிகாதானம் என்று பேர் வைத்து, பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்கிறார்கள். தானம் கொடுக்கப்பட்ட மாட்டுக்கு வாங்கியவன் தொழுவத்தில் பங்கு உண்டா? தானம் வாங்கின பூசணிக்காய்க்கு வீட்டில் பாத்தியதை உண்டா? தானப் பொருளாக வந்தவளுக்குப் பங்கு ஏது என்கிற புத்தி, மந்திரத்தை மறந்துபோனவன் மூளையிலும் குந்திக்கொண்டிருக்கிறது. இது இந்துக்களோடு நிற்கிற வியாதியுமல்ல. இதே ஒன்றியத்தில் ஏலாக்குறிச்சி மாதா கோவிலில் மோதிரம் மாற்றிக்கொண்டவர்கள் வீட்டிலும் மூட்டை கட்டுகிறவள் பெண்தான். 1869-ம் வருஷத்து விவாகரத்துச் சட்டத்தின்படி, பெண்ஜாதி சோரம் போனாள் என்று மட்டும் காட்டிக் கிறிஸ்தவப் புருஷன் விடுதலை பெறலாம். ஆனால் கிறிஸ்தவ மனைவிக்குப் புருஷனுடைய சோரம் மட்டும் போதாது என்கிற நிலை 2001-ம் வருஷம் வரையில் இருந்தது. மதம் எதுவானாலும் பெண்ணின் மூட்டை ஒன்றே.

சுயமரியாதைக் கல்யாணம் இதற்கு எதிரிடையான தத்துவம் உடையது. அதில் தானம் இல்லை. கொடுப்பவனும் வாங்குபவனும் இல்லை. இரண்டு பேர் சரிநிகராக நின்று, வாழ்க்கைத் துணைவர்களாக இருக்கச் சம்மதிக்கிறார்கள். 1953-ல் சென்னை ஐக்கோர்ட்டு அப்படிப்பட்ட கல்யாணம் செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிற்று. 1967-ல் அண்ணாதுரை மந்திரிசபை இந்து விவாகச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்து, முன் நடந்தவைகளுக்கும் சேர்த்தே செல்லும்படி செய்தது. கல்யாணம் ஒரு கூட்டு ஒப்பந்தம் என்று அன்றைக்கே சட்டம் ஒப்புக்கொண்டது. அப்படியானால் கூட்டுக் கலைந்தால் கணக்குப் பார்க்க வேண்டாமா? இரண்டு பேர் கூட்டாக ஒரு மளிகைக் கடை வைத்திருந்து பிரிகிறபோது, ஒருவன் கடையை வைத்துக்கொண்டு மற்றவனுக்கு மாதம் இவ்வளவு பிச்சை போடுகிறேன் என்றால் எந்த மடையன் சம்மதிப்பான்?

"அவள் என்ன சம்பாதித்தாள்?"

உடனே, "கடைக்காரன் முதல் போட்டான், இவள் என்ன சம்பாதித்தாள்?" என்று கேட்பார்கள். கணக்காகவே பதில் சொல்லுவோம். இந்திய சர்க்கார் 2019-ல் எடுத்த நேரக் கணக்கின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிஷமும் ஆண்கள் 97 நிமிஷமும் அதில் செலவிடுகிறார்கள். 299 நிமிஷமென்றால் ஐந்து மணிக்கு ஒரே நிமிஷம் குறைவு. இதில் குழந்தை, கிழவர்களைப் பார்க்கிற நேரம் சேரவில்லை. 2025-26-ம் வருஷத்தில் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் வைத்திருந்த நாட்கூலி ரூ.336. நாம் முழுக் கூலி கேட்கவில்லை. பாதி நாள் கூலி ரூ.168 என்றே வைத்துக்கொள்ளுவோம். அடுப்புக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாதாகையால் வருஷம் 365 நாளும் உண்டு. ஆக வருஷத்துக்கு ரூ.61,320. ஆறு வருஷத்துக்கு ரூ.3,67,920.

இப்பொழுது இன்னொரு தொகையைப் பாருங்கள். 2024-ல் தமிழ்நாடு சர்க்கார் அறிவித்த கனவு இல்லத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு வைத்த தொகை ரூ.3,50,000. அதாவது, வயல் வேலையையும் பால் காசையும் கணக்கில் சேர்க்காமலே, வெறும் வீட்டு வேலையின் அரைக்கூலியில் ஆறு வருஷத்துக்குள் அப்படிப்பட்ட வீடு ஒன்றின் விலையை அவள் கொடுத்துத் தீர்த்துவிட்டாள். பன்னிரண்டு வருஷம் வாழ்ந்தவள் இரண்டு வீட்டின் விலையைக் கொடுத்திருக்கிறாள். இப்படிப்பட்டவளைப் பார்த்து "என்ன சம்பாதித்தாய்?" என்று கேட்கிறவன் வெட்கப்பட வேண்டாமா? 2023 செப்டம்பரில் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ரூ.1,000 கொடுக்க ஆரம்பித்தபோது, சர்க்காரே அதற்கு உதவித்தொகை என்று பேர் வைக்காமல் உரிமைத்தொகை என்று பேர் வைத்தது. சர்க்கார் ஒப்புக்கொண்ட உரிமையைக் கட்டின புருஷன் ஒப்புக்கொள்ள மறுப்பானேன்?

அன்றியும், நமது பக்கத்து விவசாயிகளுக்கு ஒரு உதாரணம் சொல்லுகின்றோம். பிறத்தியார் நிலத்தில் குத்தகைக்கோ வாரத்துக்கோ உழுகிறவன் அந்த நிலத்துக்குச் சொந்தக்காரன் அல்ல. ஆனாலும் அவன் இஷ்டப்படி வெளியேற்றப்படக்கூடாது என்று 1955-லேயே சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் செய்தார்கள். உழைத்தவனுக்கு உழைத்த இடத்தில் ஒரு பாத்தியதை உண்டு என்பதே அதன் தத்துவம். அந்தச் சட்டத்தைக் காட்டித் தன் குத்தகை நிலத்தை விடமாட்டேன் என்று நிற்கிற மனிதன், தன் வீட்டில் உழைத்தவளை மட்டும் ஒரே பேச்சில் வெளியே போ என்கிறான்.

சட்டத்தில் இருப்பது

நிற்க, இன்றைய சட்டத்தில் ஒன்றுமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. இருப்பதைப் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2005-ம் வருஷத்தில் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 முதல் அமலுக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, சேர்ந்து வாழ்ந்த வீடு யார் பேரில் இருந்தாலும் மனைவிக்கு அதில் குடியிருக்க உரிமை உண்டு. சட்டப்படியல்லாமல் அவளை வெளியேற்ற முடியாது. அடிப்பது மாத்திரம் கொடுமையல்ல. சாப்பாட்டுச் செலவை நிறுத்துவதும், குடியிருக்கிற வீட்டு வாடகையை நிறுத்துவதும், அவளுக்குப் பாத்தியமுள்ள சொத்தை விற்றுத் தின்பதும் கொடுமை என்றே அந்தச் சட்டம் சொல்லுகிறது. கொடுமை நடந்தது என்று கண்டால், வீட்டை விற்கவோ ஈடுவைக்கவோ கூடாதென்று தடுக்கவும், வேறு வீடு பார்த்து வாடகை கொடுக்கும்படி சொல்லவும், புருஷனையே வெளியேறச் சொல்லவும் மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு.

"வீடு என் அப்பன் பேரில் இருக்கிறது, உனக்கு என்ன?" என்கிற பழைய தந்திரம் 2006-ல் சுப்ரீம் கோர்ட்டில் ஒரு தீர்ப்பினால் பலித்தது. 2020 அக்டோபர் 15-ந் தேதி அதே கோர்ட்டு அந்தத் தீர்ப்பு தப்பு என்று தள்ளி, மாமனார் மாமியார் பேரிலிருக்கிற வீடானாலும், சேர்ந்து வாழ்ந்த வீடானால் குடியிருக்கும் உரிமை உண்டென்று சொல்லிவிட்டது. அதே வருஷம் நவம்பர் 4-ந் தேதி, ஜீவனாம்ச வழக்குகளில் இருவரும் தங்கள் வரும்படியையும், சொத்தையும், கடனையும் பிரமாணப் பத்திரமாகக் கோர்ட்டில் வைக்க வேண்டுமென்றும், தீர்ப்புத் தேதியிலிருந்தல்ல, மனுப் போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கொடுக்க வேண்டுமென்றும் உத்தரவாயிற்று. வழக்கை இழுத்தால் செலவு மிச்சமாகும் என்று நினைத்த புருஷர்களுக்கு இது ஒரு சூடு.

கொள்ளிடத்துக்குத் தெற்கே தஞ்சை ஜில்லாவிலோ, திருப்பூரிலோ வாழ்க்கைப்பட்ட பெண், தாய்வீட்டுக்கு வந்துவிட்டால் அங்கேயே போய் வழக்காட வேண்டியதில்லை. 2003-ம் வருஷத் திருத்தப்படி, மனைவி தான் குடியிருக்கிற இடத்துக் கோர்ட்டிலேயே விவாக மனுப் போடலாம். வக்கீலுக்குப் பணமில்லை என்று பயப்படவும் வேண்டாம். பெண்களுக்கு வரும்படி பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்க வேண்டும் என்று 1987-ம் வருஷத்துச் சட்டம் சொல்லுகிறது. ஜில்லா சட்ட உதவி ஆபீசில் போய்க் கேட்பது பிச்சையல்ல.

சட்டத்தில் இல்லாதது

இவ்வளவும் குடியிருக்கும் உரிமையேயொழிய, பங்கு அல்ல. குடியிருப்பவள் வேறு, சொந்தக்காரி வேறு. இந்து விவாகச் சட்டத்தின் 27-வது பிரிவு என்ன சொல்லுகிறது தெரியுமா? கல்யாண சமயத்தில் இருவருக்கும் பொதுவாக வந்த வெகுமதிகளை எப்படிப் பிரிப்பது என்று கோர்ட்டு உத்தரவு போடலாம் என்கிறது. கல்யாணத்தில் வந்த குத்துவிளக்குக்கும் வெள்ளித் தட்டுக்கும் சட்டம் இருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் பாடுபட்டுக் கட்டின வீட்டுக்குச் சட்டம் இல்லை! பத்திரம் புருஷன் பேரில் இருந்தால் அவனுக்கு முழுவதும், அவளுக்கு ஜீவனாம்சம். வேண்டுமானால் அந்த ஜீவனாம்சத்துக்கு வீட்டின் மேல் பாரம் ஏற்படுத்தலாம், அவ்வளவுதான்.

இதைத் திருத்த ஒரு மசோதா வந்தது. பிரிகிற மனைவிக்குப் புருஷனுடைய ஸ்தாவர சொத்தில் பங்கு கொடுக்க வகை செய்த அது, 2013 ஆகஸ்டில் ராஜ்யசபையில் நிறைவேறிற்று. லோக்சபையில் நிறைவேறாமலே, 2014-ல் சபை கலைந்ததும் செத்துப்போயிற்று. 1951-ல் இந்துச் சட்ட மசோதாவை இழுத்தடித்ததற்காக மந்திரி பதவியை விட்டு அம்பேத்கர் வெளியேறினார். இந்த மசோதாவுக்காக ஒரு மந்திரியாவது பதவியை விட்டதாக நாம் அறியோம்.

அப்புறம் 2023 ஜூன் 21-ந் தேதி சென்னை ஐக்கோர்ட்டில் ஜட்ஜ் கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்புச் சொன்னார். புருஷன் பல வருஷம் சவுதி அரேபியாவில் வேலை பார்த்துப் பணம் அனுப்பினான். மனைவி இங்கே குடும்பத்தையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு அந்தப் பணத்தில் சொத்து வாங்கினாள். திரும்பி வந்த புருஷன் எல்லாம் தன் பணம் என்றான். வீட்டில் மனைவி லீவில்லாமல் உழைத்ததனால்தான் அவன் வெளியே போய்ச் சம்பாதிக்க முடிந்தது. ஆகையால் அவள் உழைப்பும் அந்தச் சொத்தில் சேர்ந்திருக்கிறது, சரிபாதி அவளுக்கு உண்டு என்று ஜட்ஜ் சொன்னார். இந்த உழைப்பை ஒப்புக்கொள்ளச் சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒப்புக்கொள்ளக்கூடாதென்று தடுக்கிற சட்டமும் இல்லை என்றும் சொன்னார். அரேபியாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஆளனுப்பிவிட்டுக் குடும்பத்தைப் பெண்கள் தலையில் வைத்திருக்கிற நமது ஊர்களுக்கு இது மிகவும் பொருந்தும். ஆனால் ஒரு ஜட்ஜின் நல்ல புத்தியை நம்பி ஒரு நாட்டுப் பெண்கள் எல்லோரும் வாழ முடியுமா? சட்டமல்லவா வேண்டும்?

புதிதல்ல

இது ஏதோ வெள்ளைக்காரன் நாட்டு வழக்கம் என்று சொல்லி ஏய்க்கப் பார்ப்பார்கள். யாழ்ப்பாணத்துத் தமிழர்களின் தேசவழமை, டச்சுக்காரர் ஆட்சியில் 1706-ல் எழுதித் தொகுக்கப்பட்டது. அதில் முன்னோர் வழி வந்தது முதுசொம். பெண் கொண்டுவந்தது சீதனம். கல்யாணத்துக்குப் பின் சேர்த்தது தேடியதேட்டம். தேடியதேட்டத்தில் புருஷனுக்குப் பாதி, மனைவிக்குப் பாதி. பழமை என்பதற்காக நாம் அதைப் புகழவில்லை. பெண் தன் ஸ்தாவர சொத்தை விற்கப் புருஷன் எழுத்துமூலம் சம்மதிக்க வேண்டும் என்கிற அடிமைத்தனமும் அந்த யாழ்ப்பாணச் சட்டத்தில்தான் இருக்கிறது. 1911-லும் 1947-லும் அது மாற்றங்களுக்கு உள்ளாகியுமிருக்கிறது. தமிழனுக்கு இந்த எண்ணம் தோன்றவே தோன்றாது என்று சொல்லுவது பொய் என்பதற்காகவே காட்டுகின்றோம். இந்தியாவுக்குள்ளேயே கோவாவில், போர்ச்சுகீசியர் விட்டுப்போன 1867-ம் வருஷத்துச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் செய்துகொள்ளாத தம்பதிகளின் சொத்து இருவருக்கும் பொது. பிரிந்தால் பாதி பாதி. ஜெர்மனியில் 1958 முதல், அவரவர் முன்பு வைத்திருந்ததை அவரவர் வைத்துக்கொண்டு, வாழ்க்கைக் காலத்தில் பெருகினதை மட்டும் சமப்படுத்துகிறார்கள். அங்கெல்லாம் வானம் இடிந்து விழவில்லை.

பங்கு கொடுத்தால் பெண்கள் சுலபமாகப் பிரிந்துபோவார்கள் என்பது இன்னொரு ஆட்சேபணை. போக இடமில்லாததால்தான் ஒருத்தி உன்னோடு இருக்கிறாள் என்றால், அதற்குப் பேர் குடும்பமா, ஜெயிலா? சம்பாதிக்கிற பெண்ணுக்கும் பங்கா என்று கேட்கிறவர்களுக்கு, ஆம் என்பதோடு, அவள் சம்பாத்தியத்தில் அவனுக்கும் பங்கு உண்டு என்றும் சொல்லுகின்றோம். இந்து விவாகச் சட்டத்தின் 24-வது பிரிவுப்படி வழக்கு நடக்கிற காலத்து ஜீவனாம்சத்தைக் கதியற்ற புருஷனும் கேட்கலாம். நாம் கேட்பது பெண்ணுக்குச் சலுகை அல்ல. இருவருக்கும் ஒரே தராசு.

செய்யவேண்டியது

ஆகவே நமது அபிப்பிராயம் இது. முதலாவது, வழக்கு முடிகிற வரையில் யாரும் யாரையும் வீட்டை விட்டுத் துரத்தக்கூடாது. சேர்ந்திருக்க முடியாத நிலை வந்தால், பிள்ளைகள் யாரிடம் இருக்கிறார்களோ அவர்கள் வீட்டிலிருக்க வேண்டும். மற்றவர் வெளியே இருக்க வேண்டும். இரண்டாவது, அந்தக் காலத்துச் செலவு வரும்படிக்குத் தக்கபடி பங்காக வேண்டும். அவனுக்கு மாதம் ரூ.20,000, அவளுக்கு ரூ.10,000 வருகிறதென்றால், அரிசி, வாடகை, மின்சாரம், பள்ளிக்கூடம் எல்லாம் சேர்ந்து ரூ.12,000 ஆகிற செலவில் அவன் 8,000-மும் அவள் 4,000-மும் போட வேண்டும். அவள் ஒருத்தியே பிள்ளைகளைப் பார்க்கிறாளென்றால் அந்த உழைப்பை அவள் பங்கில் கழித்துக்கொள்ள வேண்டும். குடும்பத்துக்கென்று வாங்கிய கடன் குழுவில் யார் பேரில் இருந்தாலும் இருவர் கடனே. மூன்றாவது, கல்யாணத்துக்குப் பின் தேடியது எதுவோ அது பத்திரம் யார் பேரில் இருந்தாலும் சரிபாதி.

விவாகமும் விடுதலையும் மத்திய சர்க்காரும் மாகாண சர்க்காரும் இருவரும் சட்டம் செய்யக்கூடிய பொதுப் பட்டியலில் உள்ளவை. 1967-ல் கல்யாண முறையைத் திருத்தியதும், 1989-ல் மகளுக்குப் பங்கு கொடுத்ததும் இந்தத் தமிழ்நாட்டுச் சட்டசபைதான். டெல்லிக்கு முந்தியே இரண்டு தரம் வழிகாட்டின சபைக்கு மூன்றாவது தரம் கைவராதா? ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் எந்தக் கட்சிக்காரரானாலும், பிரிகிற மனைவிக்குப் பங்குச் சட்டம் கொண்டுவருவாயா என்று திருமானூர்ப் பெண்கள் வாசலிலேயே நிறுத்திக் கேட்க வேண்டும்.

சட்டம் வருகிறவரையில் நமது வாலிபர்கள் சும்மா இருக்கவேண்டியதில்லை. மாலை மாற்றிக்கொள்ளுகிற அன்றே, இனி வாங்குகிற மனையும் கட்டுகிற வீடும் இருவர் பேரிலும் பத்திரமாகும் என்று சபையறியச் சொல்லி எழுதிக்கொள்ளட்டும். சொன்னபடி ரிஜிஸ்தர் ஆபீசிலும் செய்து காட்டட்டும். பெண்ணைப் பெற்றவர்கள் நகை எத்தனை பவுன் என்று பேசுவதை விட்டு, பத்திரம் யார் பேரில் என்று பேசட்டும். நகை அடகுக்கடைக்குப் போய்விடும். இருவர் பேரிலுள்ள வீட்டை அவள் கையெழுத்தில்லாமல் முழுசாக விற்கவோ ஈடுவைக்கவோ ஒருவனாலும் முடியாது.